பெட்டியும் பேரேடும்: தமிழ்த் திரை வணிகத்தின் மறைநிலைத் தொழில்களும் அவற்றின் சொல்வழக்கும் (வடசென்னை எல்லையை முன்வைத்து)

ஆய்வுச் சுருக்கம்

தமிழ்த் திரைப்பட வரலாறு நடிகர், இயக்குநர், பாடலாசிரியர் ஆகியோரை நடுவாகக் கொண்டே எழுதப்பட்டு வந்துள்ளது. படத்தை ஏரியா ஏரியாவாக விற்றவர், படப்பெட்டியோடு ஊர் ஊராகச் சென்று கணக்குப் பார்த்தவர், படப்பிடிப்புக்கு வண்டியும் சோறும் ஏற்பாடு செய்தவர், செய்தித்தாள்களுக்குச் செய்தி கொண்டு சேர்த்தவர் ஆகியோரின் தொழில்கள் அவ்வரலாற்றில் இடம்பெறுதல் அரிது. இவர்தம் தொழிற்சொற்களை வரலாற்றுச் சான்றுகளாகவே கொள்ள இயலும் என்பது இக்கட்டுரையின் வாதம். தொண்டையார்பேட்டை முதல் அத்திப்பட்டு வரையிலான வடசென்னைப் பகுதி, வணிகவழக்கில் இரு ஏரியாக்களின் எல்லையில் அமைந்திருத்தலால் இவ்விளக்கத்திற்குக் களமாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: விநியோகம், ஏரியா, எம்.ஜி., ஷேர், பிரதிநிதி, சென்டர், தயாரிப்பு நிர்வாகி, மக்கள் தொடர்பாளர், அத்திப்பட்டு.

முன்னுரை

சிலப்பதிகார அரங்கேற்று காதையில் ஆடலாசிரியன், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமையாளன், குழலோன், யாழாசிரியன் என ஒவ்வொருவர்க்கும் உரிய இலக்கணம் விரிவாகக் கூறப்படுகிறது. மாதவி ஆடி முடித்து ஆயிரத்தெண் கழஞ்சு பொன் பெறுமதியுள்ள மாலையைப் பெற்றபின், அம்மாலை நகரத்துச் செல்வர் உலவும் தெருவில் விலைக்கு நிறுத்தப்படுகிறது. அதனை ஏந்தி நின்றவள் ஒரு கூனி. விலையைச் சொன்னவளும் வாங்குவோனை மாதவி மனைக்கு அழைத்து வந்தவளும் அவளே. காப்பியத்தின் போக்கையே மாற்றிய அந்தப் பரிமாற்றம் அவள் கைவழி நடந்தது. எனினும் அவளுக்குப் பெயரில்லை, இலக்கணமும் கூறப்படவில்லை. உரைவழி ஆய்வுகளில் யாழுக்கும் தண்ணுமைக்கும் கிடைத்த பக்கங்களுள் நூறில் ஒன்றுகூட அவளுக்குக் கிடைத்ததாகத் தெரியவில்லை.

இதற்கு நேர்மாறான சான்று ஒன்றும் உண்டு. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசனின் கல்வெட்டு, தளிச்சேரிப் பெண்டுகள் நானூற்றுவரின் பெயர்களையும், அவர்கள் குடியிருந்த தெருச்சிறகையும், வீட்டு வரிசையையும் தந்துவிட்டு, நட்டுவர், பாடுவோர், கொட்டிகள் ஆகியோரோடு நிற்காமல் கணக்கெழுதுவோர், தையற்காரர் முதலானோரையும் அதே பட்டியலில் சேர்க்கிறது. ஊதியத்தின் அலகு 'பங்கு'. பங்கொன்றுக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். கலைநிகழ்வு என்பது பலர் உழைப்பும் கணக்கும் கூடியது என்ற பார்வை இக்கல்வெட்டுக்கு இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் திரைப்பட வரலாற்றை எழுத வந்த நாம் கல்வெட்டின் வழியைக் கொள்ளாது காப்பியத்தின் வழியையே கொண்டுள்ளோம்.

திரைவணிகத்தின் சொற்கள் ஆங்கிலச் சொற்கள்தாமே, அவற்றில் தமிழாய்வாளர்க்கு என்ன வேலை என்ற வினா எழலாம். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை வெளிவந்தது. அதன் பிற்சேர்க்கை 1939இல் வந்தது. பேசும்பட வணிகம் நிலைபெற்று அதன் வழக்காறு முதிர்ந்தது அதற்குப் பின்னரே. மூலம் எம்மொழியாயினும், ஒரு தொழிற்கூட்டம் முக்கால் நூற்றாண்டுக்கு மேலாகத் தமிழில் பேசி, தமிழில் வழக்காடி, பொருளை வளைத்தும் நீட்டியும் ஆண்ட சொற்கள் தமிழ் வழக்காறே ஆகும்.

கொட்டகையிலிருந்து விநியோகம்

இவ்வழக்காற்றின் தொடக்கம் திரைக்கு முந்தியது. சங்கரதாஸ் சுவாமிகள் காலத்து நாடகக் கம்பெனிகள் ஊர் ஊராகச் சென்றபோது, கொட்டகையை அமர்த்தி, விளம்பரம் செய்து, ஓர் இரவுக்கு இவ்வளவு என்று கம்பெனிக்குக் கொடுத்துவிட்டு வசூலைத் தாம் எடுத்துக்கொண்டவர் 'கண்டிராக்டர்' எனப்பட்டார். தி. க. சண்முகம் தம் 'எனது நாடக வாழ்க்கை'யில் இத்தகையோரைப் பல இடங்களில் நினைவுகூர்கிறார். மழை பெய்தால் இழப்பு யாருடையது என்பதே இவ்வொப்பந்தத்தின் உயிர்நிலை. பிற்காலத் திரைவணிகத்தின் ஒப்பந்த வகைகள் அனைத்தும் இவ்வினாவுக்குச் சொல்லப்பட்ட வெவ்வேறு விடைகளே.

திருச்சிராப்பள்ளியில் இரயில்வே வரைவாளராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905இல் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படக்கருவியையும் படச்சுருள்களையும் விலைக்கு வாங்கிக் கூடாரத்தில் படம் காட்டத் தொடங்கினார். பின்னர்க் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் அரங்கை நிறுவியதோடு படக்கருவி விற்பனையிலும் ஈடுபட்டார். முதல் தமிழ் மௌனப்படமான 'கீசகவத'த்தை எடுத்த ஆர். நடராஜ முதலியார் மோட்டார் வாகன உதிரிப்பாக வணிகர். ஏ. வி. மெய்யப்பச் செட்டியார் இசைத்தட்டு விற்பனையிலிருந்தும், எஸ். எஸ். வாசன் விளம்பரத் தொழில், இதழியல், பட விநியோகம் ஆகியவற்றிலிருந்தும் ஸ்டுடியோ உரிமைக்கு வந்தவர்கள். தமிழ்த் திரையின் நிறுவனர்கள் எனப் போற்றப்படுவோரிற் பலர் கடைத்தெருவில் பயின்று வந்தவர்கள் என்பதை நம் வரலாறுகள் வாழ்க்கைக் குறிப்பாகச் சொல்லிக் கடந்துவிடுகின்றன. அது தொழிற்பயிற்சி என்ற கோணத்தில் ஆராயப்படவில்லை.

'விநியோகம்' என்ற சொல்லும் கருதத்தக்கது. வைணவக் கோயில் வழக்கில் பிரசாதத்தை மரபுரிமைப்படி பகிர்ந்தளித்தலைக் குறித்து வழங்கும் சொல் இது. யார்க்கு முதலில், யார்க்குப் பின்னர், எவ்வளவு என்ற வரிசைமுறை அச்சொல்லுக்குள்ளேயே உண்டு. முதல் வெளியீடு, இரண்டாம் வெளியீடு, மூன்றாம் வெளியீடு என்று ஊர்களையும் அரங்குகளையும் வரிசைப்படுத்திய ஒரு தொழிலுக்கு இச்சொல் பொருந்தி வந்தது தற்செயலாக இருக்கலாம். ஆயினும் பொருத்தம் பொருத்தமே. இதனோடு வருவாய்த்துறை வழி வந்த வசூல், பாக்கி, ரசீது, ஜில்லா ஆகிய அரபு, பாரசீகச் சொற்களும், வணிகர் குடிகளின் பற்று, வரவு, பேரேடு, முன்பணம் ஆகியனவும், ஏரியா, ஷேர், ஹயர், எம்.ஜி. என்ற ஆங்கில வழிச் சொற்களும் சேர்ந்து திரைவணிகத் தமிழ் உருவாயிற்று. ஒரே கணக்குத்தாளில் இந்த மூன்று அடுக்குகளையும் காணலாம்.

'சிட்டி'யும் 'செங்கல்பட்டு'ம்

தயாரிப்பாளர் படத்தை விற்கும்போது தமிழகத்தை ஒரே நிலப்பரப்பாகக் கருதுவதில்லை. சென்னை நகரம், செங்கல்பட்டு, வடஆர்க்காடு–தென்னார்க்காடு, சேலம், கோவை, திருச்சி–தஞ்சை, மதுரை–இராமநாதபுரம், திருநெல்வேலி–கன்னியாகுமரி என அது பகுக்கப்படுகிறது. இவற்றுள் பல முதலெழுத்துகளாலேயே வழங்கும்: திருச்சி–தஞ்சை 'டி.டி.', மதுரை–இராமநாதபுரம் 'எம்.ஆர்.', திருநெல்வேலி–கன்னியாகுமரி 'டி.கே.'. வடஆர்க்காடு, தென்னார்க்காடு, செங்கல்பட்டு மூன்றும் சேர்த்து விற்கப்படும்போது 'என்.எஸ்.சி.'. கடல்கடந்த உரிமைக்கு 'எப்.எம்.எஸ்.' என்பது பெயர்; அயல்நாடு, மலேசியா, சிங்கப்பூர் என்பதன் சுருக்கம். உலகிலேயே மலேசியாவையும் சிங்கப்பூரையும் மட்டும் தனியே பெயர் சுட்டி, ஏனையவற்றை 'அயல்நாடு' என்று ஒதுக்கிய இச்சுருக்கம், தமிழ்ப்படத்தின் பழைய அயற்சந்தை எங்கிருந்தது என்பதை மூன்றெழுத்தில் சொல்லிவிடுகிறது.

இவ்வேரியாப் பெயர்களின் காலத்தை அகச்சான்றால் கணிக்கலாம். கன்னியாகுமரி தமிழகத்தோடு இணைந்தது 1956 நவம்பரில். ஆகவே அதனைத் திருநெல்வேலியோடு சேர்த்த பெயர் அதற்கு முற்பட்டதாக இருத்தல் அரிது. தருமபுரி 1965இல் சேலத்திலிருந்தும், புதுக்கோட்டை 1974இல் திருச்சி, தஞ்சை மாவட்டப் பகுதிகளிலிருந்தும், ஈரோட்டைத் தலைமையாகக் கொண்ட பெரியார் மாவட்டம் 1979இல் கோவையிலிருந்தும் பிரிந்தன. இராமநாதபுரம் 1985இல் மூன்றானது. வடஆர்க்காடு 1989இலும் தென்னார்க்காடு 1993இலும் பிரிக்கப்பட்டன. இவற்றுள் எதுவும் ஏரியாப் பெயர்களில் பதியவில்லை. எனவே இன்றும் வழங்கும் திரைவணிக வரைபடம், ஏறத்தாழ 1956க்கும் 1965க்கும் இடைப்பட்ட மாவட்ட அமைப்பின் எச்சம் எனக் கொள்ளலாம். ஆர்க்காடு மாவட்டம் என்ற ஒன்று அரசிதழில் இல்லாமற்போய்ப் பல ஆண்டுகளாயிற்று. திரைவணிகப் பேரேட்டில் அது இன்னும் உயிரோடு இருக்கிறது.

இப்பின்னணியில்தான் அத்திப்பட்டின் நிலை சுவையாகிறது. எண்ணூருக்கு வடக்கே, சென்னை–கும்மிடிப்பூண்டி இரயில் தடத்தில், அனல்மின் நிலையத்துக்கும் துறைமுகத்துக்கும் அருகே இருக்கும் இவ்வூர், வாழ்வியலால் வடசென்னையைச் சார்ந்தது. ஆட்சி எல்லையால் திருவள்ளூர் மாவட்டத்துப் பொன்னேரி வட்டத்தது. அம்மாவட்டமோ 1997இல்தான் பழைய செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்து பிரிந்தது. திருவொற்றியூரும் கத்திவாக்கமும் தனி நகராட்சிகளாக இருந்து 2011இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தன. திரைவணிகத்தில் 'சிட்டி' என்பது பொதுவாகப் பழைய மாநகர எல்லையையே குறிப்பது. ஆதலின் தொண்டையார்பேட்டை 'சிட்டி', அதனை அடுத்த திருவொற்றியூர் தொடங்கி அத்திப்பட்டு, மீஞ்சூர் வரை 'செங்கல்பட்டு' என்றாகிறது. 2019இல் செங்கல்பட்டு என்ற பெயரில் புதிய மாவட்டம் ஒன்று அமைந்தது. அது சென்னைக்குத் தெற்கே இருப்பது. அத்திப்பட்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை. வணிகத்தின் செங்கல்பட்டு வேறு, அரசின் செங்கல்பட்டு வேறு.

இது வெறும் பெயர்ச்சிக்கல் அன்று. இரு ஏரியாக்களும் இருவேறு விநியோகஸ்தர்க்கு விற்கப்பட்டால், ஒரு பேருந்துப் பயணத் தொலைவிலுள்ள இரு அரங்குகளின் வசூல் இருவேறு பேரேடுகளில் ஏறும். படப்பிரதிகள் குறைவாக இருந்த காலத்தில் எந்த அரங்குக்குப் புதுப்படம் முதலில் வரும் என்பதையும் இக்கோடு பாதித்தது. துறைமுகத்திலும் ஆலைகளிலும் ஒரே வேலைநேரச் சங்குக்கு எழுந்த மக்கள், படம் பார்ப்பதில் இரு வேறு சந்தைகளாகப் பகுக்கப்பட்டிருந்தனர்.

இடையில் ஒரு குறிப்பு. 2001இல் வெளிவந்த 'சிட்டிசன்' திரைப்படத்தில் 'அத்திப்பட்டி' என்ற கடலோர ஊர் அரசின் ஆவணங்களிலிருந்தே அழிக்கப்படுகிறது. அதே ஆண்டில்தான் அத்திப்பட்டை ஒட்டிய எண்ணூர்த் துறைமுகம் செயற்பாட்டுக்கு வந்தது. கதையூருக்கும் உண்மையூருக்கும் பெயரொலி ஒப்புமைக்கு மேல் உறவு கற்பிக்க இக்கட்டுரை முயலவில்லை. ஆனால் அப்படத்தைத் தன் ஊர்ப் படமாக எண்ணிப் பார்த்த அத்திப்பட்டுப் பார்வையாளரின் கட்டணமும் 'செங்கல்பட்டு' என்ற தலைப்பின்கீழ்தான் கூட்டப்பட்டிருக்கும்.

பெட்டியோடு சென்றவர்

முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' 1931 அக்டோபர் 31இல் சென்னை கினிமா சென்ட்ரலில் திரையிடப்பட்டது. பம்பாயிலிருந்து வந்த படப்பெட்டியைச் சென்ட்ரல் இரயில் நிலையத்திலிருந்து வால்டாக்ஸ் சாலை வழியே மக்கள் ஊர்வலமாகக் கொண்டு சென்றனர் என்றும், தேங்காய் உடைத்து மலர் தூவினர் என்றும் கூறுவர். திரை வரலாற்று நூல்கள் விரும்பி எடுத்துரைக்கும் காட்சி இது. அப்பெட்டியை இரயில்வே பார்சல் அலுவலகத்தில் கையொப்பமிட்டுப் பெற்றவர் ஒருவர் இருந்திருப்பார். அவர் வகித்த பணியே பின்னாளில் 'பிரதிநிதி' என்றும், சுருக்கமாக 'ரெப்' என்றும் வழங்கிய தொழில்.

முப்பத்தைந்து மில்லிமீட்டர்ப் படச்சுருளில் ஆயிரம் அடிக்கு ஏறத்தாழ 11 நிமிடம் ஓடும். இரண்டரை மணிநேரத் தமிழ்ப்படம் 13, 14 சுருள்களாகத் தகரப் பெட்டிகளில் பயணம் செய்யும். அப்பெட்டியோடு விநியோகஸ்தரின் ஆளாகச் சென்று, படம் ஓடும் நாள்வரை அவ்வூரில் தங்கி, காட்சிதோறும் கணக்கைச் சரிபார்த்து, பங்கை வாங்கித் தலைமையிடத்துக்கு அனுப்பி, பெட்டியை அடுத்த ஊருக்கு ஏற்றிவிடுதல் ரெப்பின் கடமை. ஒரு பிரதியை இரண்டு அரங்குகள் பகிர்ந்துகொண்டால், ஓரிடத்தில் ஓடி முடிந்த சுருளை மிதிவண்டியில் மற்றோர் அரங்குக்கு விரைந்து சேர்க்கும் ஆளையும் அவர் கவனிக்க வேண்டும். வண்டி தாமதமானால் அங்கே திரை வெண்மையாகும், கூச்சல் எழும்.

கணக்குப் பார்க்கும் முறை எளிது போலத் தோன்றும். ஒவ்வொரு வகுப்புக்கும் அன்றைய காட்சியில் கிழித்த முதற்சீட்டின் எண்ணும் கடைசிச் சீட்டின் எண்ணும் குறிக்கப்படும். கழித்தால் விற்ற சீட்டுகள். கட்டணத்தால் பெருக்கினால் மொத்த வசூல். இது 'கிராஸ்'. இதிலிருந்து கேளிக்கை வரி முதலியன போனால் 'நெட்'. நெட்டிலிருந்து அரங்கின் பங்கு போக விநியோகஸ்தர்க்கு வருவது 'ஷேர்'. இம்மூன்றையும் ஒன்றாகக் குழப்பிப் பேசுவது இன்றைய பத்திரிகை எழுத்தில் மட்டுமன்றிச் சில ஆய்வேடுகளிலும் காணப்படுவதால் இதனை விரித்துரைக்க வேண்டியதாயிற்று. நூறு ரூபாய் வசூல் என்பது கிராஸா ஷேரா என்பதைப் பொறுத்து அதன் பொருள் முற்றிலும் வேறு. இவ்வெண்கள் பதியும் தாள் 'டி.சி.ஆர்.', அதாவது அன்றாட வசூல் அறிக்கை. சென்னை மாகாணக் கேளிக்கை வரிச் சட்டம் 1939இல் வந்ததுமுதல் சீட்டு எண்ணிக்கை அரசின் கண்காணிப்புக்கும் உட்பட்டது. ஆகவே அரங்குக்கு இரு கணக்காய்வர்: ஒருவர் அரசின் ஆள், மற்றவர் விநியோகஸ்தரின் ஆள்.

ரெப்பின் இடர்ப்பாடு இங்கேதான் தொடங்குகிறது. அவர் தங்குவது பெரும்பாலும் அரங்கம் காட்டிய இடத்தில். உண்பது அரங்கத்தின் உபசாரத்தில். எவருடைய சோற்றை உண்கிறாரோ அவருடைய கணக்கை ஐயுறுவதே அவர் வேலை. விற்ற சீட்டையே மீண்டும் விற்றல், கணக்கில் வராத நாற்காலிகளைப் போடுதல் போன்ற வழிகளைக் கண்டுபிடிக்க அவர்க்கு இருந்த கருவி ஒன்றே: இடைவேளைக்கு முன் அரங்குக்குள் நடந்து தலைகளை எண்ணுதல். எழுதத் தெரிந்தால் போதும் என்று கருதப்பட்ட இப்பணிக்கு மனக்கணக்கும் மனிதரை அளக்கும் திறனும் துணிவும் தேவைப்பட்டன. அன்றாடப் 'பேட்டா' இதன் ஊதியத்தில் முதன்மையானது. கிழக்கிந்தியக் கம்பெனிப் படைகளில் கூடுதற்படியைக் குறித்த சொல் திரைத்தொழிலில் நிலைத்த விதம் தனியாக ஆராயத்தக்கது.

எம்.ஜி. என்னும் உறுதியும் அதன் நெகிழ்வும்

ஏரியா ஒப்பந்தங்கள் மூவகைப்படும். முழுத்தொகைக்கு உரிமையை வாங்கிவிடுவது 'அவுட்ரைட்'. ஆதாயமும் இழப்பும் வாங்கியவர்க்கே. முன்பணம் கொடுத்துத் தரகு அடிப்படையில் படத்தை வெளியிட்டு, வசூல் குறைந்தால் முன்பணத்தின் மீதியைத் திரும்பப் பெறுவது 'அட்வான்ஸ்' முறை, இழப்பு தயாரிப்பாளர்க்கு. இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது குறைந்தபட்ச உறுதித்தொகை முறையாகிய 'எம்.ஜி.'.

ஒரு கற்பனைக் கணக்கால் இதனை விளக்கலாம். ஓர் ஏரியாவுக்கு எம்.ஜி. 10 லட்சம் எனக் கொள்வோம். பிரதிக்கும் விளம்பரத்துக்கும் 2 லட்சம் செலவு. விநியோகஸ்தர் தரகு 3 லட்சம். அரங்குகளிலிருந்து வந்த ஷேர் 19 லட்சமானால், இவை மூன்றும் கழிந்து மிகும் 4 லட்சம் 'ஓவர்ஃப்ளோ'. அது ஒப்பந்தப்படி இருவர்க்கும் பகிரப்படும். ஷேர் 8 லட்சமே வந்தால், கொடுத்த 10 லட்சத்திலும் செய்த செலவிலும் குறைவது விநியோகஸ்தரின் இழப்பு. எழுத்தில் அவ்வளவே. ஆனால் வழக்கில் அவ்வளவன்று. 2002இல் 'பாபா' இழப்பைத் தந்தபோது அதன் நாயகரும் தயாரிப்பாளருமான ரஜினிகாந்த் விநியோகஸ்தர்களின் இழப்பை ஈடுசெய்தார். 2014இல் வெளிவந்த 'லிங்கா'வுக்கு விநியோகஸ்தர்கள் ஈடு கோரி 2015 தொடக்கத்தில் உண்ணாநோன்புப் போராட்டம் வரை சென்றனர். எழுதப்பட்ட ஒப்பந்தத்துக்கு மேல் எழுதப்படாத ஓர் அறம் உண்டென்ற கோரிக்கை இது. நாடகக் கண்டிராக்டர் காலத்து மழையின் வினா, நூறாண்டு கழித்தும் தீர்ந்தபாடில்லை. இக்கோரிக்கையை ஊடகங்கள் நடிகரின் புகழோடு சேர்த்தே பேசின. ஏரியாவை வாங்கக் கடன்பட்ட சிறு விநியோகஸ்தர், அவர்க்குப் பணம் கொடுத்த அரங்க உரிமையாளர், அதற்கும் கீழே வண்டி நிறுத்துமிடத்தையும் சிற்றுண்டிக் கடையையும் குத்தகைக்கு எடுத்தவர் என்று நீளும் முன்பணச் சங்கிலியைப் பேசவில்லை. இழப்பு மேலிருந்து கீழே இறங்கும் வழி அது.

வங்கிகள் இத்தொழிலுக்கு நெடுங்காலம் கடன் தரவில்லை. நடுவண் அரசு திரைத்துறையைத் தொழிலாக ஏற்பதாக அறிவித்ததே 1998இல்தான். அதுவரையும் அதன் பின்னரும் வட்டிக்குப் பணம் தரும் 'பைனான்சியர்' இன்றித் தமிழ்ப்படம் நகர்ந்ததில்லை. இது விரிவான தனியாய்வுக்குரியது.

கணக்குச்சொல் திறனாய்வுச்சொல் ஆதல்

திரைவணிகச் சொற்களுள் பண்பாட்டு விளைவு மிகுந்தது 'சென்டர்' என்பதே. ஊரின் அளவு, அரங்கின் வசதி, கட்டணம், வெளியீட்டு வரிசை ஆகியவற்றைக் கொண்டு பெருநகரங்கள் 'ஏ', வட்டத் தலைநகர் போன்ற சிறுநகரங்கள் 'பி', சிற்றூர்களும் டூரிங் கொட்டகைகளும் 'சி' எனப்பட்டன. தொடக்கத்தில் இது பெட்டி செல்லும் வழித்தடத்தின் குறியீடு. ஏ சென்டரில் தேய்ந்த பிரதி பி-க்கும், மேலும் கீறல் விழுந்தபின் சி-க்கும் செல்லும். பின்னர்ப் பொருள் பெயர்ந்தது. 'சி சென்டர் படம்', 'சி சென்டர் ரசனை' என்ற வழக்குகள் தோன்றின. படப்பிரதியின் தேய்மானத்தைக் குறித்த எழுத்து, பார்ப்பவரின் அறிவுத்திறத்தைக் குறிப்பதாயிற்று. கணக்கரின் சொல்லைத் திறனாய்வாளர் எடுத்தாண்டபோது, அதிலிருந்த பொருளியல் காரணம் உதிர்ந்து மக்கள் மீதான மதிப்பீடு மட்டும் எஞ்சியது. மங்கிய ஒலியோடும் அறுபட்ட காட்சிகளோடும் படம் பெற்றவர்கள், மங்கிய ரசனை உடையவர்களாகப் பெயர்பெற்றனர்.

வடசென்னை இதில் ஒரு முரண். மாநகருக்குள் இருந்தும் அண்ணா சாலை அரங்குகளின் மதிப்பு அதற்கு இல்லை. 'மாஸ் ஏரியா' என்ற சிறப்புப்பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. உழைப்பாளர் மிகுந்த பகுதியில் முதல்நாள் வசூல் உறுதி என்ற கணக்கைக் குறித்த இச்சொல்லும், நாளடைவில் ஆரவாரம், முரட்டுத்தனம் என்ற பொருட்சாயலை ஏற்றது. வடசென்னையைத் திரை எவ்வாறு சித்திரித்தது என்று பல ஆய்வுகள் வந்துள்ளன. வடசென்னையைத் திரைவணிகம் எவ்வாறு கணக்கிட்டது என்ற வினா அவற்றுக்கு முன்னரே கேட்கப்பட்டிருக்க வேண்டும் என்பது இவ்வாய்வாளரின் கருத்து.

நிர்வாகியும் தொடர்பாளரும்

தயாரிப்பு நிர்வாகியின் தொழிலைப் பற்றித் தமிழில் உள்ள சிறந்த ஆவணம் ஒரு புனைகதை. அசோகமித்திரனின் 'கரைந்த நிழல்கள்' நாயகனையோ இயக்குநரையோ கொண்டு தொடங்கவில்லை. வெளிப்புறப் படப்பிடிப்புக்கு விடியுமுன் வண்டியும் ஆட்களும் சேர்க்க ஓடும் நிர்வாகியைக் கொண்டு தொடங்குகிறது. பணம் வருமா, கார் வருமா, நடிகை வருவாரா என்ற ஐயங்களுக்கு நடுவே வாக்குறுதிகளாலேயே ஒரு நாளைக் கட்டி எழுப்பும் வேலை அது. ஒரு நாள் படப்பிடிப்பு நின்றால் வாடகை, பேட்டா, சாப்பாடு எல்லாம் வீண். வசவு மட்டும் அவர்க்கு. அசோகமித்திரன் ஜெமினி ஸ்டுடியோவின் மக்கள் தொடர்புப் பிரிவில் பணியாற்றியவர். செய்தித்தாள் நறுக்குகளைக் கத்தரித்துக் கோப்பில் சேர்ப்பது அவர் பணியின் ஒரு பகுதி. வணிக அலுவலகத்தின் மூலையிலிருந்து பார்த்தவர்க்கே இப்புதினம் வாய்த்தது என்பதில் ஐயமில்லை.

இதனினும் முதன்மையான சான்று பிலிம் நியூஸ் ஆனந்தன். 1958இல் 'நாடோடி மன்னன்' படத்துக்கான செய்தித் தொடர்புப் பணியின் வழி, தமிழ்த் திரையின் முதல் மக்கள் தொடர்பாளர் என அறியப்பட்டவர். படங்களின் பெயர், வெளியான நாள், கலைஞர் விவரம், நிழற்படம் ஆகியவற்றைத் தொழில் காரணமாகத் திரட்டத் தொடங்கி, 2016இல் மறையும்வரை அதனை விடாது செய்தார். அவர் தொகுப்பைத் தமிழக அரசு பெற்றுக்கொண்டது. 'சாதனைகள் படைத்த தமிழ்த் திரைப்பட வரலாறு' நூலாகவும் வந்தது. இன்று தமிழ்த் திரையை ஆராயும் எவரும் ஒரு படத்தின் ஆண்டைக் குறிக்கும்போது, அறிந்தோ அறியாமலோ அவர் உழைப்பின் மீது நிற்கிறார். நம் ஆய்வுகளின் அடித்தளத் தரவு, வணிகத் தொழிலர் ஒருவரின் அன்றாடப் பணியிலிருந்து கிடைத்தது. அவரை மூலமாகச் சுட்டும் நாம், அவர் தொழிலை ஆய்வுப்பொருளாகக் கொள்ளவில்லை.

பெட்டி மறைந்தபின்

படச்சுருள் போய் எண்முறைத் திரையிடல் வந்ததும் பெட்டி மறைந்தது. அதனோடு ரீல் மாற்றும் மிதிவண்டிக்காரர், பார்சல் அலுவலக உறவு, பெட்டி வராத பதற்றம் ஆகியன மறைந்தன. புதிய சொற்கள் வந்தன. அரங்குக்கு எண்முறைப் படத்தை வழங்கும் நிறுவனங்களுக்குத் தயாரிப்பாளர் செலுத்தும் 'வி.பி.எப்.' கட்டணம் அவற்றுள் ஒன்று. 2018 மார்ச் 1 முதல் ஏப்ரல் மூன்றாம் வாரம் வரை தமிழில் புதுப்படங்கள் வெளிவராது நின்ற வேலைநிறுத்தத்தின் முதற்காரணம் இக்கட்டணமே. அதில் தயாரிப்பாளர்கள் முன்வைத்த மற்றொரு கோரிக்கை, சீட்டு விற்பனை முழுமையும் கணினிவழி ஆக்கப்பட வேண்டும் என்பது. தலைகளை எண்ணிய ரெப்பின் ஐயம் அக்கோரிக்கையில் தொடர்ந்தது.

2021 ஜூலையில் 'சார்பட்டா பரம்பரை' அரங்குகளுக்கு வராமல் நேரே இணையத் தளத்தில் வெளியானது. எழுபதுகளின் வடசென்னைக் குத்துச்சண்டைக் களத்தைச் சொன்ன அப்படத்துக்கு ராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ ஓர் அன்றாட வசூல் அறிக்கை எழுதப்படவில்லை. சிட்டி, செங்கல்பட்டு என்ற எல்லை அதற்குப் பொருந்தவில்லை. எத்தனை பேர் பார்த்தனர் என்ற கணக்கு தளத்தின் உரிமையாளரிடம் மட்டும் உள்ளது. அதைச் சரிபார்க்க அனுப்பப்படும் ஆள் எவருமில்லை.

தொண்டையார்பேட்டையில் 1967 முதல் இயங்கிய அகஸ்தியா அரங்கு 2020இல் மூடப்பட்டது. மூடப்படும் ஒவ்வோர் அரங்கின் அலுவலக அறையிலும் டி.சி.ஆர். தாள்கள், ஏரியா ஒப்பந்தக் கடிதங்கள், பற்று வரவு ஏடுகள் ஆகியன பழைய தாள் விலைக்குப் போகும் நிலையில் இருக்கும். பாட்டுப் புத்தகங்களும் துண்டறிக்கைகளும் ஒரு காலத்தில் இவ்வாறே கருதப்பட்டு, பின்னர் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களில் ஆய்வாளர் தேடிச் செல்லும் மூலங்களாயின. கணக்குத்தாள்களுக்கு அத்தகைய இடம் முதலில் தேவை. அதற்கடுத்து, ரெப்பாகவும் நிர்வாகியாகவும் மேலாளராகவும் பணியாற்றி இன்று எழுபதைக் கடந்தோரிடமிருந்து சொற்களைப் பொருள், பயன்பாடு, ஏரியா வேறுபாடு ஆகியவற்றோடு பதிவு செய்தல் வேண்டும். 'ஹயர்' என்பதற்கு மதுரைக்காரர் கொள்ளும் பொருளும் செங்கல்பட்டு ஏரியாக்காரர் கொள்ளும் பொருளும் ஒன்றா என்று கேட்டறிய வேண்டிய களப்பணி அது. திருவொற்றியூரிலிருந்து மீஞ்சூர் வரையிலான அரங்குகளில் அப்பணியைத் தொடங்கினால், கோட்டின் இருபுறமும் வேலை பார்த்தவர்களை ஒரே நாளில் சந்திக்க முடியும்.